இருமல் என்றால் டி.பி. மட்டும்தானா?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் போன் செய்து, "ஏதாவது உபயோகமா பதினஞ்சு நிமிஷம் பேசுப்பா" என்றார். சளியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சாப்பாட்டுக்கு முன்னாடி வேண்டாம், பின்னாடி வச்சுக்கலாம்" என்றார். அதனால்தான் எல்லோரும் பாயசம் குடித்து முடித்த இந்த நேரத்தில் என்னை மேடையேற்றியிருக்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை. இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் சென்சார்களோடு காலம் தள்ளுபவன். குடியிருப்பது படப்பையில். ஆனாலும் கடந்த சில வருடங்களாக நுரையீரல் கிருமிகளைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதை வேலை மெனக்கெட்டுப் படிக்க வேண்டியதாயிற்று. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் நம் ஊர்க் கதை.

தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனே சானடோரியம்தான். தினமும் ஆயிரக்கணக்கானோர் உச்சரிக்கும் பெயர். அது ஒரு காசநோய் மருத்துவமனையின் பெயர் என்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? 1928இல் டாக்டர் சவுரி முத்து என்பவர் பச்சைமலை அடிவாரத்தில் அதைத் தொடங்கினார். 1937இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1990களில் எச்.ஐ.வி. தொற்றோடு வந்தவர்களையும் ஏற்றுப் பராமரித்த இடம்.

இந்த சவுரி முத்து அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்தி வந்தார். 1917இல் அங்கே வந்து தங்கிய நோயாளிகளில் ஒருவர் யார் தெரியுமா? நம் கணித மேதை ராமானுஜன்! காய்ச்சல், மெலிவு, வலி என்று அவதிப்பட்டார். டாக்டர்கள் பலவிதமாக யோசித்தாலும் கடைசியில் டி.பி. என்றே வைத்தியம் நடந்தது. 1920இல் சேத்துப்பட்டில் 32 வயதில் காலமானார். 1994இல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளையெல்லாம் மீண்டும் ஆராய்ந்து, அது டி.பி.யாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு, கல்லீரலில் அமீபா தொற்றாகவே இருந்திருக்க வேண்டும் என்று எழுதினார். நூறு வருடத்துக்கு முந்தைய விஷயம். முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் இதிலுள்ள பாடம் இன்றைக்கும் பொருந்தும். ஒரு நோய் எங்கும் பரவிக் கிடக்கும் காலத்தில், அதைப் போலவே தோன்றும் இன்னொரு நோய் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இதனால் டி.பி. டெஸ்ட் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023இல் மட்டும் உலகத்தில் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேருக்கு டி.பி. வந்தது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அதில் நூற்றுக்கு 26 பேர் இந்தியர்கள். ஆகவே நம் ஊரில் இரண்டு வாரம் விடாமல் இருமினால் முதலில் டி.பி.க்குத்தான் பார்க்க வேண்டும். கேள்வி அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது.

டி.பி. டெஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது பழைய முறை. அதில் கிருமி கண்ணில் பட வேண்டுமென்றால் ஒரு மில்லி சளியில் குறைந்தது 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். நம் பாஷையில் சொன்னால் அந்தக் கருவியின் த்ரெஷோல்டு அது. அதற்குக் கீழே இருந்தால் ரிப்போர்ட் நெகட்டிவ். கல்ச்சர் செய்தால் மிகக் குறைந்த எண்ணிக்கையையும் பிடித்துவிடலாம், ஆனால் டி.பி. கிருமி ஆமை வேகத்தில் வளர்வதால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியைப் பரிந்துரைத்தது. கிருமியின் மரபணுவைத் தேடி இரண்டு மணி நேரத்தில் பதில் தருகிறது. ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா கேட்காதா என்றும் சொல்லிவிடுகிறது. அதே வேலையைச் செய்யும் ட்ரூநாட் கருவி நம் நாட்டிலேயே, கோவாவைச் சேர்ந்த மோல்பயோ நிறுவனம் தயாரிப்பது. 2020இல் அதற்கும் உலக அங்கீகாரம் கிடைத்தது. இதெல்லாம் பொறியாளர்களான நாம் பெருமைப்பட வேண்டிய சாதனைகள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கருவியிடம் நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி: "டி.பி. கிருமி இருக்கிறதா?" அது "இல்லை" என்றால், டி.பி. கிருமி அந்த மாதிரியில் அகப்படவில்லை என்று மட்டுமே அர்த்தம். நுரையீரலில் வேறு எந்தக் கிருமியும் இல்லை என்று அர்த்தமல்ல. வோல்ட்மீட்டரை வைத்துவிட்டு மோட்டார் சூடாகிறதா என்று கேட்க முடியுமா?

இப்போது காரணத்துக்கு வருகிறேன். என் அக்கா எங்கள் அத்தை மகனைக் கட்டிக்கொண்டவர். அவர்களுடைய மகனுக்குப் பிறந்ததிலிருந்தே சளி. நிமோனியா வந்து வந்து போகும். நன்றாகச் சாப்பிடுவான், உடம்பில் ஒட்டாது. மலம் எண்ணெய்ப் பிசுக்காகப் போகும். நான்கு வயதுக்குள் இரண்டு தடவை, ஆறு ஆறு மாதம், டி.பி. மருந்து கொடுத்தார்கள். இரண்டு தடவையும் கிருமி கிடைக்கவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்துக் கொடுத்த மருந்து. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. குழந்தைகளுக்கு டி.பி. வந்தால் சளியில் கிருமி குறைவாகவே இருக்கும் என்பதால், டாக்டர்கள் அனுபவத்தை வைத்து மருந்து தொடங்குவது வழக்கத்தில் உள்ளதுதான். மருந்து கேட்காதபோது "வேறு என்ன?" என்று யாரும் கேட்காததுதான் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு வருடத்தைத் தின்றது.

வெயில் காலத்தில் அவன் நெற்றியில் உப்புப் பூக்கும் என்று அக்கா ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னதை ஒரு குழந்தை மருத்துவர் பிடித்துக்கொண்டார். "ஸ்வெட் டெஸ்ட் எடுங்க" என்றார்.

அந்த நோயின் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். சுருக்கமாக சி.எஃப். என்பார்கள். 1938இல் டோரதி ஆண்டர்சன் என்ற அமெரிக்க அம்மையார் இதைத் தனி நோயாக விவரித்தார். நம் உடம்பின் செல்களில் குளோரைடு உப்பைக் கடத்திவிடும் ஒரு வாயில் உண்டு. அதை உண்டாக்கும் மரபணு 7ஆவது குரோமோசோமில் இருப்பது 1989இல் கண்டுபிடிக்கப்பட்டது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் பழுதான பிரதியே வந்தால்தான் பிள்ளைக்கு நோய். இருவரும் அந்தப் பழுதைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பெற்றோருக்கோ எந்தத் தொந்தரவும் இருக்காது. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் நம் பக்கத்தில் அந்த வாய்ப்பு கூடுகிறது. சொந்தமில்லாத தம்பதிக்கும் வரலாம். இது வெள்ளைக்காரர்களின் வியாதி, இந்தியாவில் கிடையாது என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது சரியல்ல.

அந்த வாயில் வேலை செய்யாவிட்டால் நுரையீரலின் கோழை நீர்ப்பதம் இழந்து பசைபோல் இறுகுகிறது. ஏரிக் கால்வாயில் தண்ணீர் ஓடாமல் நின்றுவிட்டால் ஆகாயத்தாமரை மண்டிவிடும் அல்லவா? அதே கதைதான். கோழை நகராத இடத்தில் கிருமி குடியேறுகிறது. வியர்வைச் சுரப்பியிலோ உப்பு திரும்ப உறிஞ்சப்படாமல் வெளியே வந்துவிடுகிறது. 1953இல் டி சான்ட் அக்னீஸ் என்பவர் இந்த உப்பு வியர்வையைப் பற்றி எழுதினார். 1959இல் கிப்சன், குக் இருவரும் அதைச் சோதிக்கும் முறையை வகுத்தார்கள். முன்கையில் பைலோகார்பின் மருந்தை வைத்து, சில மில்லி ஆம்பியர் மின்சாரத்தை ஐந்து நிமிடம் செலுத்தினால் அந்த இடம் வியர்க்கும். அரை மணி நேரம் வியர்வையைச் சேகரித்து, குளோரைடை அளக்க வேண்டும். லிட்டருக்கு 60 மில்லிமோலும் அதற்கு மேலும் இருந்தால் சி.எஃப்.; 30க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் இல்லை; நடுவில் இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். அக்கா மகனுக்கு 98.

நண்பர்களே, ஒரு பேட்டரி, இரண்டு எலெக்ட்ரோடு, கரண்டைக் கட்டுப்படுத்த ஒரு சர்க்யூட். நாம் மூன்றாம் செமஸ்டரில் செய்த மினி ப்ராஜெக்ட்டை விடச் சின்ன வேலை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் உள்நாட்டிலேயே இப்படி ஒரு முறையை உருவாக்கி, 2002இல் இந்தியக் குழந்தை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். வேலூர் சி.எம்.சி.யிலும் சி.எஃப். குழந்தைகளைப் பார்க்கிறார்கள். ஆனாலும் இந்த டெஸ்ட் செய்யும் இடங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு.

நோய் இன்னதென்று தெரிந்ததோடு வேலை முடிவதில்லை. இந்தப் பிள்ளைகளின் ஆயுளை நிர்ணயிப்பது நுரையீரலில் எந்தக் கிருமி எப்போது குடியேறுகிறது என்பதே. சின்ன வயதில் ஸ்டெஃபைலோகாக்கஸ், ஹீமோஃபைலஸ் போன்றவை. பிறகு சூடோமோனாஸ். இது குழாயடி, சாக்கடை, ஈரம் உலராத நெபுலைசர் கிண்ணம் என்று தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் வாழும். வந்த புதிதில் பிடித்துவிட்டால், நெபுலைசர் வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்துப் பெரும்பாலும் விரட்டிவிடலாம். விட்டுவிட்டால் அது தன்னைச் சுற்றி வழுவழுப்பான கூடு கட்டிக்கொள்ளும். அதன் பிறகு எந்த மருந்தும் அதை முழுசாக வெளியேற்றுவது அரிது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இதனால்தான் மாதா மாதம் சளியைச் சோதிக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது, இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சோதிக்க வேண்டும் என்பது இன்று பொதுவான வழிமுறை.

ஆனால் சின்னக் குழந்தைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாதே! இங்கேதான் சாம்பிளிங் பிரச்சினை வருகிறது. "அவுட்புட் சரியில்லைன்னா முதல்ல ப்ரோபைப் பாருடா" என்று நம் லேப்பில் சொல்லிக்கொடுத்தது எவ்வளவு உண்மை! தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுப்பது சுலபம். அதில் கிருமி இல்லை என்று வந்தால் ஓரளவு நிம்மதி. இருக்கிறது என்று வந்தால், அது தொண்டையில் மட்டும் இருக்கிறதா, நுரையீரலிலும் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. மயக்க மருந்து கொடுத்து, பிராங்கோஸ்கோப் குழாயை உள்ளே விட்டு, நுரையீரலைக் கழுவி எடுப்பது இன்னொரு வழி. எல்லாக் குழந்தைக்கும் சிறு வயதிலிருந்தே அப்படிச் செய்தால் நல்லதா என்று ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். 2011இல் முடிவு வெளியானது. ஐந்து வயதில் பார்த்தபோது, அப்படிச் செய்த குழந்தைகளுக்கும் சாதாரண முறையில் கவனிக்கப்பட்டவர்களுக்கும் சூடோமோனாஸ் தொற்றிலோ நுரையீரல் சேதத்திலோ பெரிய வித்தியாசம் இல்லை. விலை கூடிய கருவி என்பதாலேயே பலனும் கூடிவிடாது என்பது நமக்கும் தெரிந்ததுதானே.

நடுவில் ஓர் எளிய வழி உண்டு. உப்புச்செறிவு கூடிய நீரை நெபுலைசரில் சுவாசிக்க வைத்தால் கோழை இளகும். பிசியோதெரபிஸ்ட் முதுகில் தட்டி, இருமவைத்து, வரும் சளியை எடுத்துக்கொள்வார். பிரிட்டனில் கார்டிஃப் நகரத்து ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட முடிவுப்படி, இப்படி எடுத்த சளியில் வெறும் பஞ்சுக் குச்சியைவிட அதிகமாகக் கிருமிகள் அகப்பட்டன. நம் ஊருக்கு ஏற்ற முறை இது என்று எனக்குத் தோன்றுகிறது.

சளியை எடுத்தாயிற்று. லேப்பில் என்ன நடக்கிறது? சாதாரணமாக வளர்த்தால் சூடோமோனாஸ் தட்டு முழுக்கப் பரவி, மெதுவாக வளரும் மற்றவற்றை மூடிவிடும். பர்க்கோல்டேரியா என்று ஒரு பொல்லாத கிருமி உண்டு. அதற்கென்றே தயாரித்த தட்டில் வைத்து, ஐந்து நாள் வரை பொறுத்துப் பார்த்தால்தான் அது தலைகாட்டும். டி.பி. கல்ச்சரிலும் இதே தொல்லை. சி.எஃப். நோயாளியின் சளியை வைத்தால் சூடோமோனாஸ் புகுந்து கெடுத்துவிடும். அதற்காக ஆக்ஸாலிக் அமிலத்தால் கூடுதலாகச் சுத்தம் செய்கிறார்கள். பர்க்கோல்டேரியா இனத்திலேயே இன்னொன்று மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தருவது. அது வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருப்பது. பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளைப் பிடிக்கும். தமிழ்நாட்டிலும் இருக்கிறது. எக்ஸ்ரேயில் டி.பி. போலவே தோன்றும், சாதாரண லேப்பில் சூடோமோனாஸ் என்று தவறாகப் பெயர் சூட்டப்படுவதும் உண்டு. ஆக, லேப் தொழில்நுட்பருக்கு யாருடைய சளி, எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தாக வேண்டும். நம் ஊர் லேப் சீட்டுகளைப் பாருங்கள்: பெயர், வயது, "ஸ்புடம் சி/எஸ்". அவ்வளவுதான்! "சி.எஃப். நோயாளி, சூடோமோனாஸும் பர்க்கோல்டேரியாவும் பார்க்கவும்" என்று ஒரே ஒரு வரி எழுதினால் ரிப்போர்ட்டே மாறிவிடும்.

போன வருடம் அக்கா மகனுக்கு வழக்கமான மூன்று மாத டெஸ்ட்டில் முதல் தடவையாக சூடோமோனாஸ் வந்தது. அப்போது அவனுக்கு இருமலே இல்லை. ஜோராகக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான். "நல்லாத்தானே இருக்கான், எதுக்குடா தம்பி மருந்து?" என்று அக்கா கேட்டாள். "நல்லா இருக்கும்போதே விரட்டினாத்தான் போகும் அக்கா" என்றேன். 28 நாள் நெபுலைசரில் டோப்ராமைசின். அதற்குப் பிறகு எடுத்த மூன்று மாதிரிகளிலும் அது இல்லை. நாளைக்குத் திரும்ப வரலாம். வந்தால் திரும்பப் பிடிக்க வேண்டும். பழுதான அந்த வாயிலையே ஓரளவு சரிசெய்யும் கூட்டு மாத்திரைக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் நம் நாட்டில் பெரும்பாலான குடும்பங்களுக்கு அது எட்டாத விலை. ஆகவே கிருமியைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் இப்போதைக்கு எங்கள் கையிலுள்ள ஆயுதம்.

நான் உங்களிடம் கேட்பது மூன்றே விஷயம்.

முதலாவது, குடும்பத்தில், தெருவில் யாருக்காவது டி.பி. டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்தும் இருமல் நிற்கவில்லை என்றால், அல்லது கிருமி கிடைக்காமலே இரண்டாம் முறை டி.பி. மருந்து தொடங்குகிறார்கள் என்றால், "டாக்டர், வேறு என்னவாக இருக்கலாம்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். குழந்தை உடம்பு தேறாமல், வியர்வை உப்புக் கரித்தால் அதையும் சொல்லுங்கள். ஆனால் டாக்டரைக் கேட்காமல் டி.பி. மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டாவது, சளி மாதிரி கெடாமல் போய்ச் சேர வேண்டும். மே மாத வெயிலில் படப்பையிலிருந்து கிளம்பும் டப்பா, தாம்பரம் நெரிசலைத் தாண்டி நகரத்து லேப்புக்குப் போவதற்குள், வேகமாக வளரும் கிருமி பெருகி மற்றதை மறைத்துவிடும். ஓரிரு மணி நேரத்தில் கொடுக்க முடியாவிட்டால் குளிர்ப்பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். விலை மலிவான, வெப்பநிலையைப் பதிவு செய்யும் ஒரு பெட்டியை நம் கல்லூரி மாணவர்கள் செய்ய முடியாதா? சின்ன லேப்களின் இன்குபேட்டருக்கு கரண்ட் போனால் எச்சரிக்கும் ஒரு அலாரம்? நாம் தொழிற்சாலைகளில் தினமும் செய்வதுதானே.

மூன்றாவது, ஸ்வெட் டெஸ்ட் கருவி. இந்த அரங்கில் சர்க்யூட் போடுகிறவர்கள், மெடிக்கல் கருவித் தொழிலில் இருப்பவர்கள், டாக்டர்களை மணந்துகொண்டவர்கள் என்று எல்லோரும் இருக்கிறீர்கள். பாதுகாப்பு விதிகளின்படி, மருத்துவர்களின் மேற்பார்வையில், ஒரு மாதிரிக் கருவியை உருவாக்க நம் சங்கம் ஒரு சின்னக் குழு அமைத்தால் என் பங்குக்கு ஞாயிற்றுக்கிழமைகளைத் தருகிறேன்.

சவுரி முத்து காலத்தில் நல்ல காற்றும் ஓய்வும்தான் மருந்து. இன்று கருவியும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. நம் பக்கத்தில் நெஞ்சுச் சளியோடு அலையும் ஒரு பிள்ளைக்குச் சரியான டெஸ்ட் சரியான வயதில் கிடைக்க வேண்டும்.  குழுவில் சேர விரும்புவோர் வாசலில் உள்ள நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.